இலவசமாகக் கொடுத்தே கார்டியன் லாபம் பார்த்ததாம்!

கணக்கர்: நேற்று வெண்பா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "இணையத்தில் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தும் தொழில் நடத்தலாம். லண்டன் கார்டியன் நாளிதழ் 2018-19இல் லாபம் பார்த்துவிட்டது" என்கிறார். எவ்வளவு லாபம்? அதை மட்டும் விழுங்கிவிட்டார். 8 லட்சம் பவுண்டு! அதுவும் தேய்மானம், வட்டி, வரி எதையும் கழிக்காமல். இதை லாபம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

வெண்பா: அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் 5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டத்தில் கிடந்த பத்திரிகை அது. அங்கிருந்து ஏறி வந்தது உங்கள் கண்ணில் படாது. கட்டுரைக்குக் கீழே ஒரு மஞ்சள் பெட்டி: முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டாலும் படியுங்கள் என்பதுதான் அதன் சாரம். மூன்றே ஆண்டுகளில் 10 லட்சம் வாசகர்கள் கொடுத்தார்கள். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை.

கணக்கர்: அந்த 10 லட்சத்தில் சந்தாதாரர்களும் அடக்கம். கேட்டால் மஞ்சள் பெட்டியைக் காட்டுகிறீர்கள். 2016இல் 250 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். 2018 ஜனவரியில் நாளிதழின் அளவையே சுருக்கி அச்சுச் செலவை மிச்சம் பிடித்தார்கள். இத்தனைக்கும் பிறகு தேறியது 8 லட்சம். எல்லாவற்றுக்கும் அடியில் 2014இல் ஆட்டோ டிரேடர் என்ற கார் விளம்பர நிறுவனத்தில் இருந்த பங்கை விற்றுக் கிடைத்த 60 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட பணம். பழைய கார் விளம்பரத்தில் வந்த காசு ஐயா அது! மாமனார் சொத்தில் கடை வைத்தவரிடம் வியாபார நுணுக்கம் கேட்கிறீர்கள்.

தெற்குவாசல்: நியூயார்க் டைம்ஸ் 2011இல் இணையத்தில் படிக்கக் கட்டணம் வைத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். 2023இல் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். இதற்கு வெண்பாவின் பதில் என்ன?

வெண்பா: அதே டைம்ஸ் 2005இல் பத்தி எழுத்தாளர்களின் எழுத்தைக் கட்டணத்துக்குள் பூட்டி வைத்து, 2007இல் தானே பூட்டைத் திறந்துவிட்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. அந்த ஒரு கோடியில் எத்தனை பேர் குறுக்கெழுத்துக்கும் சமையல் குறிப்புக்கும் வந்தவர்கள்?

தெற்குவாசல்: சமையல் குறிப்பு என்றால் இளப்பமா? காசு கொடுக்கத் தகுந்த எழுத்துதான் அது. உங்கள் கவிதையைவிட உபயோகமானது.

வெண்பா: என் கவிதையை இங்கே யார் இழுத்தது?

கணக்கர்: பேச்சை மாற்றவேண்டாம். 8 லட்சத்துக்குப் பதில் வரவில்லை. இணையத்தில் படிக்கக் கட்டணம் கேட்காமல் இருந்தவர்கள் தங்கள் ஞாயிறு இதழான அப்சர்வரை ஏன் டார்ட்டாய்ஸ் என்ற செய்தி நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள்? 2024 டிசம்பரில் அதை எதிர்த்து அவர்களுடைய செய்தியாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்களே, அதுவும் இலவசத்தின் வெற்றியா?

வெண்பா: அப்சர்வர் விற்பனைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? எண்ணைப் பிடித்துத் தொங்குகிறவர் உங்கள் மின்னிதழின் கணக்கையும் இங்கே வைக்கலாமே. சந்தா வைத்துத்தானே நடத்தினீர்கள்? இப்போது எங்கே அது?

கணக்கர்: அந்த இதழில் வந்த என் கட்டுரையைப் பெயரை நீக்கிவிட்டு உங்கள் தளத்தில் போட்டவர் நீங்கள். அடுத்தவர் உழைப்பை அள்ளி வழங்குவது எப்போதும் சுலபம். மறுபடியும் கேட்கிறேன்: 8 லட்சம் லாபமா, இல்லையா?

வெண்பா: பெயர் விடுபட்டதை அன்றே திருத்தினேன். 8 லட்சம் என்பது சுழியத்துக்கு மேல்தான். உங்கள் இதழ் அதையாவது தொட்டதா?

கணக்கர்: தேய்மானத்தைக் கழித்துப் பாருங்கள், சுழியத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியும். பிற்பாடு வருகிறேன் என்று ஓடவேண்டாம்.

தெற்குவாசல்: கணக்கர் ஐயா, இதழ்ப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நானும் ஓராண்டுச் சந்தா கட்டியிருந்தேன். பாதியில் நின்றுவிட்டது. மீதிப் பணம்?

கணக்கர்: அதைத் தனியே கேளுங்கள். இங்கே பேச்சு கார்டியனைப் பற்றி.