249 கிராம் டிரோனுக்குப் பதிவு வேண்டுமா? எண்ணை எங்கே எழுதுவது?

மாடிக்காற்று:
வணக்கம். அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருக்கிறேன். 12 வயது மகனுக்கு டிஜேஐ மினி 3 ப்ரோ வாங்கியிருக்கிறேன், கூடவே அதிக நேரம் பறக்கும் என்று பெரிய பேட்டரி ஒன்றும். கடையில் கேட்டபோது "249 கிராம்தான், பதிவெல்லாம் தேவையில்லை" என்றார்கள். பெரிய பேட்டரியைப் போட்டால் கணக்கே மாறிவிடும் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். சரி, பதிந்தே விடுவோம் என்று தேடினால் ஒரு தளம் 5 டாலர் என்கிறது, இன்னொன்று அதைப்போலப் பல மடங்கு கேட்கிறது. விசாவில் இருப்பவர் பதியலாமா என்றும் தெரியவில்லை. எண் கிடைத்த பிறகு அதை பேட்டரி வைக்கும் இடத்துக்குள் ஒட்டினால் போதும் என்று ஒரு பழைய வீடியோவில் பார்த்தேன், அது சரியா? பையன் தினமும் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறான், ஆனால் எல்லாம் ஒழுங்காக முடியும்வரை பறக்கவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தட்டான்பூச்சி:
உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. சட்டம் பார்ப்பது பெட்டியில் அச்சிட்ட எடையை இல்லை, தரையைவிட்டுக் கிளம்பும்போது டிரோன் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பதை. வரம்பு 0.55 பவுண்டு, அதாவது 250 கிராம். மினி 3 ப்ரோவில் பெரிய பேட்டரியைப் போட்டால் 290 கிராம் பக்கம் வந்துவிடும், அப்போது பதிவு கட்டாயம். பேட்டரி மட்டும் இல்லை, நான் ஒருமுறை இறக்கைகளைச் சுற்றி மாட்டும் பாதுகாப்பு வளையத்தோடு சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், சின்ன பேட்டரியிலேயே 250-ஐத் தாண்டிவிட்டது. பையன் புதிதாகப் பழகுகிறான் என்றால் அந்த வளையத்தை நிச்சயம் மாட்டுவீர்கள், அதனால் யோசிக்காமல் பதிந்துவிடுங்கள்.

அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அரசுத்துறையான எஃப்ஏஏ-வின் டிரோன்ஸோன் தளத்தில் மட்டும் பதியுங்கள், முகவரி "டாட் கவ்" என்று முடிகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பொழுதுபோக்குப் பதிவு 5 டாலர்தான், 3 வருடம் செல்லும், நாளைக்கு இன்னும் இரண்டு டிரோன் வாங்கினாலும் அதே எண்ணை எல்லாவற்றிலும் எழுதிக்கொள்ளலாம். அதிகம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். என் தம்பி அப்படி ஒரு தளத்தில் பணம் கட்டிவிட்டு அலைந்தது எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பதிவதற்குக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும், ஆகவே உங்கள் பெயரில் பதியுங்கள். விசாவில் இருப்பவரும் பதியலாம். குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவருக்குக் கொடுக்கும் சான்றிதழை, இந்த டிரோன் இவருடையது என்பதற்கான அங்கீகாரமாக மட்டும் எஃப்ஏஏ எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். பறக்கவிடப் போகும்போது அந்தச் சான்றிதழ் காகிதமாகவோ போனிலோ கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, அதில் எடுத்த வீடியோவை வீடு விற்கிற நண்பருக்குக் கொடுத்தால் அது பொழுதுபோக்குக் கணக்கில் வராது. அப்போது எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவும் வேண்டும், பார்ட் 107 என்ற, பொழுதுபோக்கு அல்லாத பறத்தலுக்கான டிரோன் ஓட்டுநர் சான்றிதழும் வேண்டும்.

நீலவானம்:
தம்பி, அந்த வீடியோ பழசு. 2019 பிப்ரவரி 25-லிருந்து எண் டிரோனின் வெளிப்பக்கத்தில் இருந்தாக வேண்டும், உள்ளே ஒளித்து ஒட்டுவதெல்லாம் அதோடு முடிந்தது. காரணமும் நியாயமானதுதான்: எங்கேயாவது விழுந்து கிடக்கும் டிரோனை யாருடையது என்று பார்க்க போலீஸ்காரர் மூடியைத் திறக்கும்போது உள்ளே வெடிபொருள் வைத்திருந்தால் என்ன ஆவது?

ஸ்டிக்கர், பர்மனென்ட் மார்க்கர், செதுக்குவது எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு, கிட்டே போய்ப் பார்த்தால் படிக்க முடிய வேண்டும், அதுதான் விதி. நான் முதலில் மார்க்கரில்தான் எழுதினேன். நாலு வாரம் வெயிலிலும் வியர்வைக் கையிலும் பட்டு 8 எது 3 எது என்று தெரியாமல் போய்விட்டது. இப்போது லேபிள் மெஷினில் வெள்ளை டேப்பில் கறுப்பு எழுத்தாக அடித்து, ஒட்டும் இடத்தை ஆல்கஹால் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு நகத்தால் ஓரங்களை நன்றாக அழுத்தி ஒட்டுகிறேன். ஒன்றரை வருடமாக அசையவில்லை. உடம்பின் மேல்பக்கத்தில் ஒட்டுங்கள், சென்சார் கண்களையும் காற்றுத் துளைகளையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடலில் பேட்டரியின் பின்முனை வெளியே தெரியும், ஒட்ட வசதியாக இருக்கிறதே என்று அதில் ஒட்டிவிடாதீர்கள், பேட்டரியை மாற்றினால் எண்ணும் அதோடு போய்விடும்.

எண்ணுக்குக் கீழே உங்கள் போன் நம்பரையும் போடுங்கள். சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். என் டிரோன் காற்றில் இழுத்துக்கொண்டு போய் மரங்களுக்குப் பின்னால் விழுந்தது, இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பாட்டி போன் செய்தார், அவர் ரோஜாச் செடிக்குள் கிடந்ததாம். பதிவெண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவர் யாரைக் கூப்பிட்டிருப்பார், சொல்லுங்கள்.

மாடிக்காற்று:
ரொம்ப நன்றி அக்கா, தட்டான்பூச்சி அவர்களுக்கும் நன்றி. பதிவுப் பக்கத்தில் ரிமோட் ஐடி தொடர் எண் என்று ஒன்று கேட்கிறது, அது எது? டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், பையன் இதையும் எடுத்துப் போகலாம் என்கிறான்.

தட்டான்பூச்சி:
ரிமோட் ஐடி என்பது டிரோன் தன் அடையாளத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே பறப்பது. பதிவு தேவைப்படும் டிரோனுக்கு அதுவும் தேவை, 2024 மார்ச் 16-லிருந்து கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். அந்த எண்ணை டிரோன் செயலியின் அமைப்புகளில் தேடி எடுங்கள். பலர் கன்ட்ரோலரின் தொடர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள், அது வேறு.

அப்புறம் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர்களுக்கு டிரஸ்ட் என்ற இலவசப் பாதுகாப்புத் தேர்வு இருக்கிறது. நீங்களும் பையனும் இரண்டு பேருமே எழுத வேண்டும். தப்பாகச் சொன்னால் அதுவே திருத்திச் சொல்லிக்கொடுக்கும், பயம் வேண்டாம். முடிந்ததும் சான்றிதழை உடனே சேமித்து வையுங்கள், தொலைத்தால் மறுபடி எழுதுவதைத் தவிர வழியில்லை. 400 அடிக்கு மேல் போகாமல், கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

நீலவானம்:
ஊருக்கு வேண்டாம் தம்பி. 2022 பிப்ரவரியில் இந்தியா வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது, கஸ்டம்ஸில் எடுத்து வைத்துக்கொண்டால் பையன் முகத்தைப் பார்க்க முடியாது. இங்கே பதிந்த எண் அங்கே செல்லவும் செல்லாது. வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள்.

மாடிக்காற்று:
பதிந்தாயிற்று. இரண்டு பேரும் டிரஸ்ட் முடித்துவிட்டோம், பையன் என்னைவிட வேகமாக முடித்தான். எண்ணை அவன்தான் லேபிளில் அடித்தான், ஆனால் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில "ஓ" எழுத்தை அடித்துவிட்டான். பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாமா?

நீலவானம்:
உரித்துவிட்டு மறுபடி அடியுங்கள். சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நீங்கள் படிக்க, அவன் அடிக்கட்டும்.