முதல் முறை பை கட்டியபோது எதைத் தவறாக எடுத்துப் போனீர்கள்? – அனுபவப் பகிர்வு

திருச்சியிலிருந்து:

வாரம் ஒருவராவது என்னிடம் "அக்கா, மலையேற்றத்துக்கு எந்த டென்ட் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். டென்ட்டைப் பேசுவதற்கு முன்னால் நான் பாயைப் பற்றித்தான் பேசுவேன். ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீங்களும் உங்கள் கதையை எழுதுங்கள். புதிதாகக் கிளம்புகிறவர்களுக்குப் பணமும் மிச்சமாகும், உடம்பும் தப்பும்.

2017 செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் உத்தராகண்ட் மலையில் கங்கோத்ரியிலிருந்து, கங்கை பிறக்கும் இடமான கோமுக்குக்கு நடந்து போனோம். கோவேறு கழுதையோ சுமைதூக்குபவரோ வேண்டாம், எல்லாவற்றையும் நாமே சுமப்போம் என்று முடிவு செய்திருந்தோம். இரவு தங்கும் போஜ்பாசா வரை 14 கிலோமீட்டர், அங்கிருந்து கோமுக் இன்னும் 4. மூன்று பேர் படுக்கிற டென்ட் மூன்றரைக் கிலோ, கனமான இரண்டு ஸ்லீப்பிங் பேக், அரிசி, பருப்பு, ஒரு அலுமினியப் பாத்திரம், உருளைக்கிழங்கு, மாற்றுத் துணி என்று அடைத்ததில் என் பை மட்டும் 17 கிலோ வந்தது. என் எடை 58. உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதே என்று பழகியவர்கள் சொல்வார்கள், அந்தக் கணக்கில் பதினொன்றரைக் கிலோதான் எனக்கு அளவு. வழியில் சீர்பாசா என்ற இடம் தாண்டியதுமே தோள்பட்டை எரிய ஆரம்பித்துவிட்டது. இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் கட்டியிருந்தேன், அது இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும் என்பதே அப்போது தெரியாது. சரியாக உட்கார்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பில் இறங்கி, தோளில் சும்மா ஒரு தொடுகைதான் இருக்கும்.

போஜ்பாசா ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரம். ராத்திரி பாட்டில் தண்ணீரின் மேல் ஏடு கட்டியது போல் பனிக்கட்டி படிந்திருந்தது. ஸ்லீப்பிங் பேக்குக்கு நிறையச் செலவு செய்திருந்தோம், ஆனால் கீழே விரிக்க வீட்டிலிருந்த மெல்லிய யோகா விரிப்பும் ஒரு போர்வையும்தான். மேலே குளிரவில்லை. முதுகு, இடுப்பு, முழங்கால் என்று தரையில் பட்ட இடமெல்லாம் விறைத்துப் போனது. ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு கதகதப்பைத் தருவதற்குக் காரணம் அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று. நாம் மேலே படுத்ததும் அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கிக் காற்றெல்லாம் வெளியேறிவிடுகிறது, பிறகு நம் உடம்புச் சூடு நேராகத் தரைக்குப் போகிறது. அதைத் தடுப்பது பாய் மட்டும்தான். வாங்கும்போது ஆர் மதிப்பு (R-value) என்று ஒரு எண் போட்டிருக்கும், பாருங்கள், உடம்புச் சூடு தரைக்குப் போகாமல் பாய் எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. மூடிய துளைகள் கொண்ட ஃபோம் பாய் 2 அளவில் இருக்கும், பனியில் படுக்க 5 அல்லது அதற்கு மேல் வேண்டும், இரண்டு பாயை ஒன்றன் மேல் ஒன்று விரித்தால் இரண்டு மதிப்பும் கூடும். ஸ்லீப்பிங் பேக்கின் மேல் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள், அதில் "கம்ஃபர்ட்" என்று இருப்பதை மட்டும் நம்புங்கள். "லிமிட்" என்பது சுருண்டு படுத்து எப்படியோ இரவைக் கழிக்கிற அளவு. நான் அந்த "லிமிட்"டைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன்.

சாப்பாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அடுப்பில் பொன்னி அரிசியை வைத்தோம். கொதிக்கிறது, கொதிக்கிறது, வேகவே இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு நேரம் எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. பருப்பு கல்லாகவே கிடந்தது. ரிஷிகேஷில் வாங்கிய கேஸ் குப்பியும் குளிரில் சுணங்கிப் போனது. அதில் பியூட்டேன் அதிகம் இருந்தால் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதையே நிறுத்திவிடும். (இந்தக் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டு போகக்கூடாது, போய் இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். இப்போதெல்லாம் ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறேன், காலையில் நன்றாக எரிகிறது. ஆனால் டென்ட்டுக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.)

பாதி வெந்த சோற்றை மென்றுகொண்டிருந்தபோதுதான் பக்கத்து டென்ட்டிலிருந்து ஒரு வங்காளி அம்மா எட்டிப் பார்த்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாத்து மாவு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அடுப்பே இல்லை. ஐந்து நிமிடத்தில் வயிறு நிறைந்தது. சாத்து என்பது வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. நம் வீட்டுப் பொட்டுக்கடலை மாவுக்கும் சத்துமாவுக்கும் சொந்தக்காரன். இது தெரிந்தும் நான் 1,000 கிலோமீட்டருக்கு மேல் அரிசி மூட்டையைச் சுமந்து போயிருக்கிறேனே என்று அன்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. மறுநாள் அங்கேயே இருக்கும் லால் பாபா ஆசிரமத்தில் சோறும் பருப்பும் சாப்பிட்டோம். உள்ளே பெரிய குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, அந்த உயரத்தில் பருப்பு வேக அதுதான் வழி.

இப்போது என் பையில் அரிசியே கிடையாது. ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, உளுந்து, காய்ந்த கறிவேப்பிலை, மிளகாய் வற்றல், பெருங்காயம் தாளித்து, உப்பும் சேர்த்து 100 கிராம் பொட்டலங்களாகக் கட்டிவிடுவேன். கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கிளறி மூடி, துண்டால் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் உப்புமா. வேக வைக்கிற வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டால் மலையில் வெந்நீர் வைத்தால் போதும், கேஸும் பாதிதான் செலவாகிறது. சுக்குமல்லிக் காப்பிப் பொடி, கருப்பட்டி, வேர்க்கடலை, பேரீச்சை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு 650 கிராம் கணக்கு. மொத்தப் பை 11 கிலோ.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து:

அம்மா, நீங்கள் வெந்நீராவது வைக்கிறீர்கள். நம் பக்கத்துக் காடுகளில் நெருப்பே ஆகாது, ஆகவும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் இறந்துபோனவர்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று விதிமுறைகள் வந்தன. இப்போது வனத்துறையே 2024 அக்டோபரிலிருந்து 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. ஆகவே எனக்குத் தேவை அடுப்பே தொடாத சாப்பாடு.

முதல் சில வருடங்கள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய், மதியத்துக்குள் புளித்து வீசியிருக்கிறேன். ஒரு முறை தேங்காய் சாதம் கெட்டுப்போய் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. காட்டு வழியில் அது சாதாரண விஷயம் இல்லை. தேங்காய், தயிர், வெங்காயம் மூன்றும் சேராத கட்டுச்சோறுதான் தாங்கும். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரையை நன்றாக ஆறவைத்து வாழையிலையில் கட்டினால் மறுநாள் வரை இருக்கும். அதற்கு மேல் என்றால் நான் கர்நாடகத்து நண்பர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட கொஜ்ஜவலக்கிதான். கெட்டி அவலை மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு உடைத்து, ரசப்பொடி, உப்பு, கொஞ்சம் பொடித்த வெல்லம், வறுத்த வேர்க்கடலை கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். புளிக்காய்ச்சல் தனி டப்பாவில். சாப்பிடப் பதினைந்து நிமிடம் முன்பு பச்சைத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் ஆயிற்று. பிளாஸ்டிக் பொட்டலங்களாகக் கொண்டு போகாதீர்கள். வெள்ளியங்கிரியில் பூண்டி அடிவாரத்திலேயே பையைப் பிரித்துப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள், எடுக்கத்தான் வேண்டும், யானை நடமாடுகிற காடு அது.

வெள்ளியங்கிரி என்றதும் உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராத்திரி ஏறும்போது முதல் மலைப் படிகளிலேயே வேர்த்துக் கொட்டும். பருத்திச் சட்டை அந்த வேர்வையை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஏழாவது மலையில் காற்று அடிக்கும் பாருங்கள், ஈரச் சட்டையோடு விடியலுக்காக உட்கார்ந்திருந்தபோது என் பல் தந்தியடித்தது, கை விரலால் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பையன் தன் கம்பளியை எடுத்து என் மேல் போர்த்திவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை நான். அன்றிலிருந்து ஏறுவதற்குச் சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டர் பனியன், மேலே போனதும் மாற்ற உலர்ந்த ஒன்று, காற்றுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட். இது மூன்றும் சேர்ந்து முக்கால் கிலோ வராது.

சிங்கப்பூரிலிருந்து:

எனக்குக் குளிர் பிரச்சினையே இல்லை, அதனால் இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும் பம்போட் என்ற சிறு மோட்டார் படகில் ஏறிப் புலாவ் உபின் தீவுக்குப் போய் ஜெலுத்தோங் முகாமில் அடிக்கடி தங்குகிறவள் நான். முதல் தடவை தடித்த ஸ்லீப்பிங் பேக் கொண்டு போய் ராத்திரி முழுக்க அதைத் தலையணையாகத்தான் வைத்திருந்தேன். இந்த வெக்கையில் ஒரு கைலி போதும். டென்ட் மட்டும் உள்பக்கம் முழுக்க வலையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் மூச்சுக்காற்றே உள்ளே நீராகப் படிந்து சொட்டும்.

காட்டுப்பன்றியை நான் சந்தித்தது அங்கேதான். ரொட்டியையும் கடலை மிட்டாயையும் டென்ட் வாசலில் பையோடு வைத்துவிட்டுக் கடல் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஒரு தாயும் நான்கைந்து குட்டிகளும் பையைக் கிழித்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. கத்தவும் இல்லை, விரட்டவும் இல்லை, குட்டியோடு இருக்கும் தாயை விரட்டக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. அப்படியே பின்னால் நகர்ந்து ஒரு மரத்தின் மறைவில் அரைமணி நேரம் நின்றேன். பையின் ஜிப்பும் போயிற்று, காலை உணவும் போயிற்று. இப்போது சாப்பாட்டை இறுக மூடும் டப்பாவில்தான் வைக்கிறேன், அதை விட்டு எங்கும் நகர்வதில்லை. மிச்சம் மீதியைக் கூடாரத்துப் பக்கத்தில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அதில் பழகித்தான் விலங்குகள் இப்படித் தேடி வருகின்றன. கொண்டு போவது பெரும்பாலும் மொறுமொறுப்பாக வறுத்த இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு), வேர்க்கடலை, காய்ந்த ரொட்டி. மழைக்கு ஒரு யோசனை: பைக்கு மேலே போடும் உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். பைக்கு உள்ளே ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி முறுக்கிக் கட்டுங்கள்.

ஈரோட்டிலிருந்து:

அக்கா, வரும் டிசம்பரில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா என்ற பனிமலைக்குப் போகிறேன், இதுதான் முதல் பயணம். டென்ட், ஸ்லீப்பிங் பேக், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் கூட்டிப் போகிறவர்களே தருகிறார்கள். என்னிடம் 8,000 ரூபாய் இருக்கிறது. இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் வாங்கலாமா, ஷூ வாங்கலாமா? நூடுல்ஸ் பாக்கெட் பத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து:

தம்பி, ஜாக்கெட்டை, நீ ஏறத் தொடங்கும் அடிவார ஊரான சாங்க்ரியில் வாடகைக்கு எடுத்துக்கொள். பனிக்கு ஷூவின் அடியில் மாட்டும் முள்சங்கிலியும் கணுக்காலுக்குக் கட்டும் கேட்டரும் அங்கேயே கிடைக்கும். ஷூவை மட்டும் யாரிடமும் வாடகைக்கு வாங்காதே, பணத்தில் பெரும்பகுதியை அதில் போடு. மிச்சத்தில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, குளிருக்கு உள்ளே போடும் தெர்மல் ஒரு ஜோடி, தலையில் மாட்டும் விளக்கு.

நூடுல்ஸ் வேண்டாம், அவர்களே சாப்பாடு தரும்போது எதற்குச் சுமை? உச்சி ஏறுகிற நாளில் விடியலுக்கு முன்பே கிளப்புவார்கள், அப்போது சட்டைப் பையிலிருந்து எடுத்து வாயில் போடுகிற மாதிரி ஏதாவது வேண்டும். சாக்லேட் குளிரில் கல்லாகிவிடும். விதை எடுத்த பேரீச்சை, முந்திரி, உப்புப் போட்டு வறுத்த கடலை போதும். கோவை அண்ணா சொன்ன அவலை இந்தப் பயணத்துக்கு எடுத்துப் போகாதே, பச்சைத் தண்ணீர் அங்கே பல்லைக் கூச வைக்கும்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்கு, நடந்து திரிந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. போடப்போகும் தடித்த காலுறையோடு போட்டுப் பார், வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நான்கு நாள் வீட்டு மாடிப்படியில் மட்டும் ஏறி இறங்கு, அழுக்காகாமல் இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை நாளுக்குள் மாற்றுவார்கள் என்று வாங்கும்போதே கேட்டு வை. அப்புறம் உங்கள் ஊர்ப் பக்கம் சென்னிமலை இருக்கிறதே, 1,320 படி. பைக்குள் ஆறு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் காலையில் ஏறு. ஏறும்போது எல்லா ஷூவும் நன்றாகத்தான் இருக்கும், இறங்கும்போது கவனி. கட்டைவிரல் நுனி முன்னால் போய் முட்டினால் முதலில் கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கிக் கட்டிப் பார், அப்படியும் முட்டினால் அந்த ஷூவோடு சாங்க்ரிக்குக் கிளம்பாதே, அதற்கு முன் இங்கே ஒரு வரி எழுது.