ஓடைக்கரை வயலில் மீன் குளம்

குழு: குறிஞ்சிப்பாடி பெரிய வீடு

குமார்: எல்லோருக்கும் வணக்கம். உளுந்து போடாமல் விட்ட கீழ் வயலில் மீன் குளம் வெட்டலாம் என்றிருக்கிறேன். நாளைக் காலை 7 மணிக்கு பொக்லைன் வருகிறது.

பெரியப்பா: புளியமரத்துக்குத் தெற்கேயா?

குமார்: ஆமாம் பெரியப்பா.

செல்வி அத்தை: 2015இல் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடமாச்சே.

குமார்: அதை யோசித்துத்தான் அத்தை இறங்குகிறேன். வெள்ளம் வரும் நேரத்தில் மீன் உள்ளே இருந்தால்தானே நஷ்டம்? பங்குனியில் போர் தண்ணீர் விட்டு, விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாக விடுவேன். அரை ஏக்கருக்கு 2,000 குஞ்சு. கட்லா மேல் தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் தீனிக்கு இன்னொன்று போகாது. புரட்டாசிக் கடைசிக்குள் பிடித்துவிட்டால் ஐப்பசி மழைக்குக் குளம் காலியாக இருக்கும்.

அம்மா: புரட்டாசியில் யாருடா மீன் வாங்குவார்கள்?

சித்தப்பா: அதானே.

குமார்: சரிம்மா, ஆவணிக்குள். அரைக் கிலோ தேறினாலும் போதும்.

சென்னை ரவி: கெளுத்தி விடேன். சீக்கிரம் வளருமாம்.

குமார்: ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை இருக்கிறது. வெள்ளத்தில் ஓடைக்குத் தப்பினால் அங்கே இருக்கும் விரால் குஞ்சு, கெண்டை எல்லாவற்றையும் தின்றுவிடும். வேண்டவே வேண்டாம்.

நித்யா: வளைகாப்புக்கு வளையல் யார் வாங்குகிறீர்கள்? ஞாயிறுக்கு 4 நாள்தான் இருக்கு.

செல்வி அத்தை: வெட்டுகிற மண்ணை எங்கே கொட்டுவாய்?

குமார்: சுற்றிலும் கரைதான் அத்தை. மோட்டார் கொட்டகைச் சுவரில் 2015 தண்ணீர்த் தடம் இருக்கிறதே, அதற்கு ஒன்றரை அடி மேலே.

செல்வி அத்தை: அப்போது ஓடைத் தண்ணீர் என் வயலுக்குத்தான் திரும்பும். உன் அப்பா வரப்பை உயர்த்திய வருடம் என் நாற்று 3 நாள் முழுகிக் கிடந்தது. நான் வாயே திறக்கவில்லை.

பெரியப்பா: திறந்தாய்.

அம்மா: அதெல்லாம் பழைய கதை செல்வி.

செல்வி அத்தை: எனக்குப் பழசாகவில்லை அண்ணி.

நித்யா: வளையல்???

சித்தப்பா: எத்தனை டஜன்?

குமார்: அத்தை சொல்வது சரிதான். ஓடை ஓரம் கரை எழுப்பினால் தண்ணீருக்கு வழி குறுகிவிடும். ஓடையிலிருந்து 40 அடி தள்ளி, மேட்டுப் பக்கம் மட்டும் வெட்டுகிறேன். அந்த 40 அடியில் ஒரு கூடை மண்கூடக் கொட்ட மாட்டேன். உங்கள் வடிகாலையும் தொட மாட்டேன். கரையும் அவ்வளவு உயரம் வேண்டாம். காலிக் குளத்துக்குள் தண்ணீர் வந்தால் வரட்டும்.

பெரியப்பா: மானியம்?

குமார்: மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா மீன்வளத் திட்டத்தில் செலவில் 40 சதவீதம். பெண்கள் பெயரில் என்றால் 60. அம்மா பெயரில் எழுதலாம்.

பெரியப்பா: பட்டா இன்னும் தாத்தா பெயரில்தானே இருக்கு. வெட்டி முடித்துவிட்டுப் புதுக் குளம் என்று எப்படி எழுதுவாய்?

செல்வி அத்தை: என் கையெழுத்தும் வேண்டுமா?

குமார்: வேண்டும் அத்தை.

செல்வி அத்தை: காலையில் வயலுக்கு வருகிறேன். குச்சி நட்டுக் கயிறு கட்டிக் காட்டு. அதுவரை பொக்லைன் ரோட்டிலேயே நிற்கட்டும்.

சித்தப்பா: முன்பணம் கொடுத்தாயா?

குமார்: 1,000.

அம்மா: 6 மணிக்கே வா செல்வி. காபி போட்டு எடுத்து வருகிறேன்.

நித்யா: பச்சை 5 டஜன், சிவப்பு 5 டஜன் சொல்லிவிட்டேன்.