உயர்தரப் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகள்: கையில் எடுத்துப் பார்த்தபோது கண்டவை

பழஞ்செம்பு:
பிலடெல்பியா நாணயச்சாலை 1793 முதல் 1857 வரை அடித்த லார்ஜ் சென்ட் (பெரிய ஒரு சென்ட்), ஹாஃப் சென்ட் (அரை சென்ட்) காசுகளைப் பற்றிய இழை இது. நிறத்திலிருந்து தொடங்குகிறேன். பெரும் பணம் வீணாவது அங்கேதான்.

புதிதாக அடித்த செம்பு செக்கச்செவேல் என்றிருக்கும், காற்றுப்படப் பழுப்பேறும். அது ஏறும் விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. உருவமில்லாமல் திறந்து கிடக்கும் வெளியும், பெண் தலை உருவத்தின் கன்னம், காதுக்கு மேலுள்ள கூந்தல் போன்ற மேடுகளும் முதலில் மாறும். எழுத்துகளின் இடுக்கிலும் விளிம்புப் பற்களின் ஓரத்திலும் சிவப்பு கடைசிவரை தங்கும். காசு முழுக்க ஒரே சீரான ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறம் என்றால், அமிலத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள். அதற்குமேல் கந்தகப் பசை தடவிப் பழுப்பாக்கி விற்பவர்களும் உண்டு.

ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்து மெதுவாகச் சுற்றுங்கள். அசல் பரப்பில் ஒளிக்கதிர்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஓடும். நிறமேற்றிய காசில் அந்த ஓட்டம் இருக்காது, வெளிச்சம் செத்துக் கிடக்கும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் நிறத்துக்கு அடியில் தேய்த்த நுண்கீறல்கள் ஒரே திசையில் தெரியும். பாதி சிவப்பாகத் தேய்த்த காசைவிட, யாரும் தொடாத சாக்லேட் பழுப்புக் காசுக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. அதுதான் நியாயமும்கூட.

பத்துமடங்கு:
தரத்தைப் பற்றிச் சொல்கிறேன். 70 புள்ளி அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்ததே லார்ஜ் சென்ட்டுக்காகத்தான். இன்று ஸ்லாபில், அதாவது தரம் பார்க்கும் நிறுவனம் காசை மூடி முத்திரையிடும் பிளாஸ்டிக் பேழையில், அச்சிட்டிருக்கும் எண்ணும், 1967இல் தொடங்கிய எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ் சங்கத்தார் சொல்லும் எண்ணும் ஒன்றல்ல. சங்கத்தார் முதலில் கூர்மையை, அதாவது உருவம் எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதை, மட்டும் பார்த்து எண் கொடுப்பார்கள். பிறகு துளைப்பு, அரிப்பு, அடிபட்ட விளிம்பு என்று ஒவ்வொரு குறைக்கும் கழிப்பார்கள். கூர்மை 50 உள்ள காசு, லேசான அரிப்பால் நிகரத் தரம் 30க்கு இறங்கலாம். ஸ்லாபில் 62 என்று இருப்பதைச் சங்கத்தார் 50, 55 என்று சொல்வது சாதாரணம். ஏலப் பட்டியலில் எந்த எண் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் விலை கேட்காதீர்கள்.

அரிது என்பது வேறு, உயர்தரம் என்பது வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜியாவில் ஒரு ரயில் மேடைக்கு அடியில் கிடைத்த சிறு பீப்பாயை ராண்டல் புதையல் என்பார்கள். அதில் 1816 முதல் 1820 வரையான சென்ட்கள் இருந்தன, 1818உம் 1820உம் மிகுதி. சிவப்பில் கரும்புள்ளி விழுந்த 1818 காசு கண்ணைப் பறிக்கும், ஆனால் தேடினால் கிடைக்கும். 1808 முதல் 1814 வரையான கிளாசிக் ஹெட் என்ற தலை வடிவச் சென்ட் அப்படியல்ல. அந்தச் செம்பு மென்மையானது, சீக்கிரம் கறுத்து அரிக்கும். அதில் சுத்தமான பரப்புக் கிடைத்தால், சிவப்பு ஒரு துளி இல்லாவிட்டாலும் விடாதீர்கள்.

விளிம்பெழுத்து:
1804 பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்த ஆண்டுச் சென்ட்டுக்கு ஒரே ஒரு டை (காசு அடிக்கும் அச்சு) ஜோடிதான், ஷெல்டன் பட்டியல் எண் எஸ்-266. ஆண்டிலுள்ள 0க்கு நேர் எதிரே, பின்பக்கத்தில் 'ஆஃப்' என்ற சொல்லின் ஓ எழுத்து வரும். அது விலகியிருந்தால் 1801இலோ 1803இலோ கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியது என்று வைத்துக்கொள்ளலாம். அசலின் பிந்தைய நிலைகளில் டை உடைந்து, 'லிபர்ட்டி'யின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு மேலும், பின்பக்கத்தில் 'அமெரிக்கா'வின் நடு எழுத்துகளுக்கு மேலும் விளிம்பு புடைத்திருக்கும்.

மறு அச்சு என்று இன்னொன்று உண்டு. 1860 வாக்கில் தனியார் சிலர் பழைய 1803 டையில் எண்ணை மாற்றி, 1820இன் பின்பக்க டையோடு சேர்த்து அடித்தது. துருப்பிடித்த டை என்பதால் வெளியெங்கும் சொரசொரப்பு இருக்கும். அசல் 1804 பெரும்பாலும் தேய்ந்தோ அரித்தோதான் வரும். ஆகவே தேயாத 1804ஐ யாராவது நீட்டினால் முதலில் அது மறு அச்சா என்று பாருங்கள்.

1799 ஆண்டுச் சென்ட்டில் அதிகம் நடக்கும் மோசடி, 1798 காசின் கடைசி 8ஐ 9 ஆக்குவது. எண்ணைச் சுற்றிய வெளியில் சுரண்டிய பள்ளம், நிற மாற்றம் இரண்டையும் தேடுங்கள்.

எடை கட்டாயம். லார்ஜ் சென்ட் 1795 கடைசி வரை 208 கிரெயின், அதாவது 13.48 கிராம். அதன்பின் 168 கிரெயின், 10.89 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசு போதும். தேய்ந்த காசு குறையும், தேயாத காசு ஒரு கிராம் குறைந்தால் காரணம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டு மின்முலாம் நகல்கள் இரண்டு மெல்லிய ஓடுகளை ஒட்டி, உள்ளே ஈயம் நிரப்பியவை. விளிம்பைச் சுற்றித் தையல் போல ஒரு கோடு தெரியும். அதை அரத்தால் மறைத்தும் விடுவார்கள், எனவே விளிம்பில் அரக்கோடும் சந்தேகத்துக்குரியதே.

பழஞ்செம்பு:
அருமை ஐயா. ஸ்லாபில் விளிம்பு பாதி மறைந்துவிடுவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தாள்உறை:
சுத்தம் செய்வது பற்றி. செம்புச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கும் கை நமக்கு. அந்தக் கையை இங்கே கட்டிப் போட வேண்டும். புளி, எலுமிச்சை, வினிகர், பல்பொடி எல்லாமே மேல்தோலை உரித்துவிடும், அது திரும்பி வராது.

எண்ணெய், மெழுகு படிந்திருந்தால் சைலீன் என்ற கரைப்பான். பிவிசி (மென்பிளாஸ்டிக்) உறையில் கிடந்து பச்சைப் பிசின் ஏறியிருந்தால் கலப்பற்ற அசிட்டோன். கண்ணாடிக் கிண்ணம்தான், பிளாஸ்டிக் கரையும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்காருங்கள், இரண்டும் தீப்பற்றும். சில நிமிடம் ஊறவைத்து, புதுத் திரவத்தில் இன்னொரு முறை அலசி, துடைக்காமல் தானாக உலர விடுங்கள். ஒட்டிய அழுக்கை ரோஜா முள்ளால் அல்லது கூரிய மரக்குச்சியால், லென்ஸுக்கு அடியில் மட்டும் எடுங்கள். செம்பு அரித்துப் பச்சையானது வேறு, அது கரையாது. எடுத்தால் அடியில் பள்ளம் தெரியும்.

காசைப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள். ஒரு துளி எச்சில் சில வாரத்தில் கரும்புள்ளி ஆகும். விரல்ரேகையும் அப்படித்தான், உடனே தெரியாது, பின்னால் எழும். விளிம்பை மட்டும் பிடித்து, கீழே மடித்த துணி போட்டுப் பாருங்கள். பருத்தி உட்துணி வைத்த தாள் உறை நல்லது, ஓக் மரப்பெட்டி அமில ஆவி விடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், நிறம் மாறும் வகை என்றால் எப்போது உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டும்.