மாப்பிள்ளைக்கு லீவு இல்லை

குழு: சோழவந்தான் வீடு

கவிதா: எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஜனவரி வரைக்கும் லீவு கிடையாது. அதனால் பாப்பாவின் முதல் பிறந்தநாள் ஜெய்சல்மேரில்தான். யார் யார் வருகிறீர்கள் என்று சொன்னால் ரூம் போடலாம்.

மீனா அத்தை: பாலைவனத்திலயா

மீனா அத்தை: பச்சப்பிள்ளையை வச்சுக்கிட்டு

பெரியப்பா: மொட்டையும் காதுகுத்தும் அழகர்கோவில் கருப்பு முன்னாடிதான். அதில் மாற்றம் இல்லை.

கவிதா: அது பங்குனியில் பார்க்கலாம் பெரியப்பா. இப்போ வெறும் கேக்தான்.

பாண்டி: கேக்குக்கும் தாய்மாமன் சீர் உண்டா 😄

அம்மா: உண்டு. கொலுசு எடுத்துரு.

செல்வம் சித்தப்பா: மீனா, பயப்பட ஒன்றுமில்லை. மதுரையில் இருந்தே பிகானேருக்கு வாராவாரம் ஏசி ரயில் இருக்கிறது. ரெண்டு நாள் பயணம், அங்கே இறங்கி காரில் இன்னும் 330 கிலோமீட்டர் போகணும். டிசம்பரில் பகல் வெயில் இதமாக இருக்கும், ஆனால் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். எல்லாரும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், பாப்பாவுக்குக் குல்லா கட்டாயம்.

அம்மா: அத்தை குளிர் தாங்குவாங்களா

பாண்டி: கோட்டைக்குள்ளேயே ஒரு ஹோட்டல் பார்த்துவிட்டேன். மொட்டை மாடியில் நின்றால் ஊர் முழுக்கத் தெரியுமாம். போடவா?

செல்வம் சித்தப்பா: கோட்டைக்குள் போடாதே பாண்டி, கெஞ்சிக் கேட்கிறேன். 1156இல் ராவல் ஜெய்சால் கட்டினது, 99 கொத்தளம், இன்றைக்கும் உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் அது. குடத்தில் தண்ணீர் சுமந்து குடித்த காலத்துக்கு அந்தக் கட்டுமானம் போதுமாக இருந்தது. குழாய் வந்து, ஹோட்டல்கள் வந்து, குளிக்கிற தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் சுவருக்கு அடியில் கசிந்து, கீழே இருக்கிற மண்ணும் பாறையும் ஊறிப்போய்க் கொத்தளங்களே சில இடிந்து விழுந்திருக்கின்றன. நாம் எட்டுப் பேர் மேலே போய்க் குளித்தால் அந்தத் தண்ணீரும் அங்கேதானே இறங்கும்? கீழே ஊருக்குள் தங்குவோம். சாயங்கால வெயில் பட்டு அந்த மஞ்சள் கல் பொன்னாக மாறுவதைக் கீழே நின்று பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

பாண்டி: சரி சித்தப்பா

மீனா அத்தை: நம்ம வடக்குத் தெரு வீட்டுச் சுவரும்தான் ஓதம் ஏறி இடுப்பளவு உதிர்ந்து நிக்குது. அதைக் கேட்க ஆள் இல்லை.

பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்

மீனா அத்தை: எங்கேதான் பேசுறது அண்ணே

அம்மா: மதினி, நேரில் பேசுவோம்

மீனா அத்தை: 🙏

கவிதா: மணல்மேடு பார்க்க எல்லாரும் சாம் பக்கம் போவார்கள், 40 கிலோமீட்டர் இருக்கும். இப்போ அங்கே ஒரே ஜீப்பும் பாட்டுச் சத்தமும். குரி பக்கம் போகலாம், கூட்டம் குறைவு. காலையில் போனால் மணலில் வரிவரியாகக் காற்று போன தடம் இருக்கும், அதுக்கு குறுக்கே வண்டு நடந்த கால்தடம் தையல் போட்ட மாதிரி. பாப்பா அதைத் தொட்டுத் தொட்டுச் சிரிக்கிறாள்.

செல்வம் சித்தப்பா: ஆகல் மறந்துவிடாதே. ஊரில் இருந்து 17 கிலோமீட்டர்தான். 18 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன, மேலே தகரம் போட்டுக் கம்பிக்கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நிழலுக்கு ஒரு மரம் தேட வேண்டிய இடத்தில் ஒரு காலத்தில் காடே இருந்திருக்கிறது. பிள்ளைகள் கட்டாயம் பார்க்கணும்.

பாண்டி: கானமயில் பார்க்கலாமா

கவிதா: கஷ்டம்டா. மொத்தமே 150க்குள்தான் மிச்சமாம். கரண்டு கம்பியில் அடிபட்டே நிறையச் சாகுது.

பெரியப்பா: அறுப்பு எப்போ வருதுன்னு பார்த்துத்தான் நான் சொல்லணும்

மீனா அத்தை: அப்பத்தா கேட்கச் சொல்லுச்சு, குடிக்கத் தண்ணி கிடைக்குமான்னு

செல்வம் சித்தப்பா: முன்னே கடிசர் ஏரித் தண்ணீர்தான் ஊருக்கே. இப்போ பஞ்சாபில் இருந்து இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வருகிறது. அம்மாவிடம் தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்.

மீனா அத்தை: அப்போ அதுவும் வருதாம்

அம்மா: ஐயோ

கவிதா: அப்போ ஒன்பது பேரா?

பாண்டி: கீழே ரெண்டு ஹோட்டல் லிங்க் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்

பெரியப்பா: ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்குமா