மொட்டை மாடி அக்வாபோனிக்ஸ்: பாலிதீன் கூடாரமும் ஹீட்டரும் சென்னைக்குத் தேவையா?

மடிப்பாக்கம்_மாடி:

வணக்கம். மீன் கழிவை பாக்டீரியா உரமாக்க, அதே தண்ணீரில் செடி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் அமைக்க ஆசை. மொட்டை மாடியில் 10-க்கு 12 அடி இடம் இருக்கிறது. 500 லிட்டர் மீன் தொட்டி ஒன்று, 200 லிட்டர் நீல டிரம் இரண்டை நீளவாக்கில் அறுத்து நான்கு ஜல்லிப் படுகைகள், இதுதான் திட்டம். கிடைத்த வரைபடங்கள் எல்லாம் குளிர் தேசத்துக்காரர்கள் போட்டவை. 200 மைக்ரான் பாலிதீன் கூடாரம், தொட்டிக்குள் 300 வாட் ஹீட்டர் என்று சொல்கிறார்கள். நமக்கு அது வேண்டுமா? இரவில் மட்டும் போட்டால் போதுமா?

போர் தண்ணீர் டிடிஎஸ் 900, பி.எச். 8.2. ஆசிட் விட்டு 7-க்கு இறக்கினாலும் மறுநாள் காலையில் 8-க்குத் திரும்பிவிடுகிறது. ஏன்? மீன் சமையலுக்கும் ஆக வேண்டும், அழகுக்கு மட்டும் இல்லை. எந்த மீன் சரியாக வரும்?

கெண்டைக்குளம்:

பாலிதீனை முதல்ல திட்டத்திலிருந்து எடுத்துடுங்க சார். ராத்திரி தண்ணி 10 டிகிரிக்குக் கீழே போற ஊர்ல பாக்டீரியா சோர்ந்துடும், மீன் இரை எடுக்காது, அதுக்காக ஹீட்டர் போடறாங்க. ஊட்டியில வீடுன்னா அந்த வரைபடத்தை அப்படியே கட்டலாம். நம்ம ஊர்ல தை மாத விடியற்காலையிலகூட காத்து பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. 500 லிட்டர் தண்ணி அதைவிட ரெண்டு மூணு டிகிரி கூடவே நிக்கும். ஹீட்டர் செலவு மிச்சம்.

இங்கே கணக்கைக் கத்திரி வெயில்லேருந்து ஆரம்பிக்கணும். மே மாசம் 40 டிகிரியில பாலிதீன் கூடாரம் அடுப்பாயிடும். வெயில்ல நிக்கிற கறுப்புத் தொட்டியில மதியம் தண்ணி 35-ஐத் தாண்டும். சூடு ஏற ஏறத் தண்ணியில கரையற ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில லிட்டருக்கு 8.2 மி.கி. வரை கரையும், 34 டிகிரியில 7 மி.கி.தான். அதே சூட்டுல மீனோட மூச்சுத் தேவையும் கூடும், கழிவைத் தின்னுற பாக்டீரியாவோட தேவையும் கூடும். மூணும் ஒரே நேரத்துல சேருது, அதான் ஆபத்து.

செய்ய வேண்டியது இதுதான். படுகை மேல 50 சதவீத நிழல் வலை. தொட்டி மேல இன்னொரு அடுக்கு, முதல் வலைக்கும் அதுக்கும் ஒரு அடி இடைவெளி விட்டு. வலையை வலை மேலயே போட்டா சூடு நடுவுல தங்கிடும். தொட்டியை மாடிப்படி அறையோட கிழக்குச் சுவர் ஓரமா வையுங்க, மதியத்துக்கு மேல சுவர் நிழல் தானா விழும். வெளிப்பக்கம் வெள்ளை பெயின்ட். தொட்டிக்கு அடியில பிளைவுட், அதுக்குக் கீழே அழுத்தம் தாங்கற கெட்டித் தெர்மாகோல். பகல் பூரா தளம் குடிச்ச சூடு ராத்திரி தொட்டி அடியில ஏறுறதைப் பலர் கவனிக்கறதே இல்லை.

ஐஸ் பாட்டில் போடறதுல பலன் ரொம்பக் கம்மி. ரெண்டு லிட்டர் ஐஸ் 500 லிட்டரை அரை டிகிரிகூட இறக்காது. ஈரக் கோணி சுத்தினா கொஞ்சம் உதவும். ஆனா நம்ம ஈரப்பதத்துல ஆவியாதலை நம்பி மே மாசம் 27, 28 டிகிரிக்குக் கீழே போகும்னு எதிர்பார்க்காதீங்க. 31-க்குள்ள நிறுத்தினாலே நல்ல அமைப்பு.

பந்தல் காலுக்காகத் தளத்துல துளை போடாதீங்க. தட்டோடு விரிசல் விட்டா கீழ்வீடு ஒழுகும். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ல கான்கிரீட் ஊத்தி ஒரு இஞ்ச் ஜிஐ பைப்பை அதுல நிறுத்துங்க, மேல குறுக்குப் பைப்பால எல்லாக் காலையும் இணைச்சிடுங்க. வலையைக் கம்பி போட்டுக் கட்டாம கிளிப்புல மாட்டுங்க. 2016 டிசம்பர் வர்தா மாதிரி ஒரு காத்து வந்தா வலை பாய்மரமாகி பந்தலையே தூக்கிடும். எச்சரிக்கை வந்ததும் அஞ்சு நிமிஷத்துல கழட்டற மாதிரி இருக்கணும்.

பைப்லைன்:

மீனையும் செடியையும் பேசுவதற்கு முன் எடையைப் பேசியாக வேண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். உங்கள் 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். பாதி டிரம் ஒன்று ஜல்லியும் தண்ணீருமாக 180 கிலோவுக்கு மேல். மொத்தம் ஒன்றேகால் டன். தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. கீழே சுமைதாங்கும் சுவரோ பீமோ எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே, இரண்டு முனையும் பீமில் உட்காரும்படி இரும்பு ஐ-செக்‌ஷன் போட்டு அதன் மேல் ஏற்றுங்கள். பழைய கட்டடம் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டிய பிறகே தொடங்குங்கள். ஜல்லிக்குப் பதில் சுட்ட களிமண் உருண்டை போட்டால் படுகை எடை பாதிக்கு அருகில் வந்துவிடும். விலைதான் கூடுதல்.

ஜல்லி என்றால் அரை இஞ்ச் முதல் முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி. கிரஷர் தூள் போகும்வரை, கழுவிய தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசுங்கள். ஒரு பிடி எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அதைப் போட்டால் பி.எச். எளிதில் இறங்காது. கிளிஞ்சல் கலந்த மணலும் அப்படியே. டிரம் உணவுப் பொருள் வந்ததாக இருக்கட்டும். தண்ணீர் படும் இடத்தில் பித்தளை, செம்பு, ஜிஐ எதுவும் வேண்டாம். செம்பு கொஞ்சம் கரைந்தாலே மீன் தாங்காது.

தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒரு முறை முழுதாகச் சுற்ற வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரம் ஏற்றிய பிறகும் 500 லிட்டர் வர, பெட்டியில் 1500 முதல் 2000 லிட்டர் என்றும் அதிகபட்ச உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல் என்றும் போட்ட சப்மெர்சிபிள் பம்ப் வேண்டும். ஏர்கூலர் மோட்டார் விலை குறைவு, ஆனால் இரவு பகலாக ஓடத் தாங்காது.

பெல் சைஃபன் (படுகை நிறைந்ததும் தண்ணீரைத் தானாக வடித்துவிடும் குழாய் அமைப்பு) போடப்போகிறீர்கள் என்றால் இங்கேதான் பலருக்குச் சறுக்கும். 500 லிட்டரை நான்காகப் பிரித்தால் ஒரு படுகைக்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்தான். வீடியோக்களில் காட்டும் ஒரு இஞ்ச் நிலைக்குழாய்க்கு அந்த வரத்து போதாது. தண்ணீர் விளிம்பில் வழிந்துகொண்டே இருக்கும், சைஃபன் பிடிக்காது. முக்கால் இஞ்ச் நிலைக்குழாய் போட்டு, தலையில் ஒன்றேகால் இஞ்சிலிருந்து முக்காலுக்கு இறங்கும் ரிடியூசரைக் கவிழ்க்காமல், அகன்ற வாய் மேலே இருக்கும்படி புனல் மாதிரி மாட்டுங்கள். அதன் மேல் மணிக்குழாயாக, மூடி போட்ட இரண்டரை இஞ்ச் குழாய், ஜல்லி உள்ளே வராமல் சுற்றிலும் துளையிட்ட நாலு இஞ்ச் குழாய். நிலைக்குழாய் உயரம் 23 செ.மீ. ஜல்லியின் மேல் ஐந்து செ.மீ. எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாசி பிடிக்கும், கொசுவும் முட்டையிடும்.

சைஃபன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வரத்து அதிகம் அல்லது காற்று நுழைய வழி இல்லை. மணிக்குழாயின் அடியில் வெட்டிய பற்களை ஒரு செ.மீ. உயர்த்துங்கள், பால் வால்வில் வரத்தைக் குறையுங்கள். பிடிக்கவே இல்லை என்றால் வெளியேறும் குழாயின் முனையில் ஒரு எல்போ போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகும். டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷர் டிரம்மின் உள்பக்கம் வர வேண்டும். துளையை அரம் போட்டு வழவழப்பாக்காமல் எம்-சீலை நம்பினால் ஒரு கோடைக்குள் கசியும்.

கீரைப்பாத்தி:

ஆசிட் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. ஆசிட் விட்டால் அந்த பைகார்பனேட்டில் கொஞ்சத்தைத் தின்கிறது, கார்பன் டை ஆக்சைடு தண்ணீரிலேயே தங்கி பி.எச். இறங்கினதுபோல் காட்டுகிறது. இரவில் ஏர் பம்ப் அந்த வாயுவை வெளியேற்றியதும் பழைய இடத்துக்கே ஏறிவிடும். மீன் உள்ள தொட்டியில் இப்படி ஏற்றி இறக்குவது நிலையாக 8.2-ல் இருப்பதைவிடக் கெடுதல். விட்டுவிடுங்கள்.

அமைப்பு ஓடத் தொடங்கினால் பாக்டீரியாவே அந்த வேலையைச் செய்யும். நாளுக்கு 100 கிராம் தீவனம் (32 சதவீதப் புரதம்) போட்டால் சுமார் 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளிவரும். அதை நைட்ரேட்டாக மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் 21 கிராம் காரத்தன்மை (உங்கள் தண்ணீரில் அது பெரும்பாலும் அந்த பைகார்பனேட்தான்) செலவாகும். லிட்டருக்கு 300 மி.கி. காரத்தன்மை என்று வைத்தாலும் 500 லிட்டரில் மொத்தம் 150 கிராம்தான். செடிகள் நைட்ரேட்டை உறிஞ்சும்போது ஒரு பங்கைத் திருப்பித் தரும். அப்படியும் முழுத் தீவனத்துக்கு வந்த சில வாரங்களில் பி.எச். தானாக 7-ஐ நோக்கி இறங்கும். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட மழைநீர்த் தொட்டித் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். போர் தண்ணீரை மட்டுமே ஊற்றிக்கொண்டு போனால் உப்பு சேர்ந்துகொண்டே போகும், சோடியத்தை எந்தச் செடியும் தின்று தீர்க்காது. ஆர்.ஓ. கழிவு நீர் கூடவே கூடாது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக 24 மணி நேரம் ஏர் பம்ப் ஓட்டிய பிறகு. பி.எச். 6.5-க்குக் கீழே போனால் அப்போது பொட்டாசியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

ஆபத்தான காலம் முதல் மாதம்தான். 32 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நஞ்சு வடிவில் இருக்கும். அதே சூட்டில் 8.2 என்றால் 13 சதவீதத்துக்கு அருகில். டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டும், மீனுக்கு மட்டும் பதினான்கு மடங்கு வித்தியாசம். அதனால் மீன் இல்லாமலே பாக்டீரியாவைப் பழக்குங்கள். நாட்டு மருந்துக் கடை நவச்சாரம் அம்மோனியம் குளோரைடுதான். பொடியாக, வேறெதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்கி 4 கிராம் கரைத்தால் 500 லிட்டர் தொட்டியில் அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. அளவு வரும். ஓடிக்கொண்டிருக்கும் மீன் தொட்டியின் பில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்த தண்ணீர் கிடைத்தால் ஒரு பக்கெட் ஊற்றுங்கள். அம்மோனியா குறையக் குறைய மறுபடி 2-க்குக் கொண்டுவர வேண்டும். முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரேட். போட்ட 2 மி.கி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யம் ஆனால்தான் மீன் விட வேண்டும். நம் வெப்பத்தில் மூன்று நான்கு வாரம் ஆகும். கோமியம் ஊற்றச் சொல்வார்கள், சாப்பிடும் கீரைக்கு அது வேண்டாம்.

மாடித்தோட்டப் பழக்கத்தில் பஞ்சகவ்யம், மீன் அமிலம் எதையும் இந்தத் தண்ணீரில் விடாதீர்கள். மண்ணில் நல்லது செய்வது இங்கே அழுகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளிப்பதும் அப்படித்தான். சோப்பு சொட்டு தொட்டிக்குப் போனால் செவுள் பாதிக்கும். மஞ்சள் ஒட்டு அட்டையும் கையால் பொறுக்குவதும் போதும்.

கோடையில் லெட்யூஸ் ஆசையை விடுங்கள். வேர் அழுகும், இல்லாவிட்டால் பூத்துக் கசக்கும். கார்த்திகை முதல் மாசி வரை வேண்டுமானால் போடலாம். வள்ளைக்கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, வெண்டை எல்லாம் 31 டிகிரித் தண்ணீரிலும் தளதளவென்று வரும். பி.எச். 7.5-க்கு மேல் இருக்கும்வரை இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புக் குறை. உரக்கடையில் கிடைக்கும் சாதாரண ஈடிடிஏ வகை இரும்புச் சத்து அந்த பி.எச்.சில் நிற்காது. ஈடிடிஎச்ஏ வகை, 6 சதவீதம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை 17 கிராம். தண்ணீர் செந்நிறமாகும், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

மடிப்பாக்கம்_மாடி:

மூவருக்கும் நன்றி. பீம் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் இனி வரைபடம் போடுவேன். இரண்டு சந்தேகம் பாக்கி. மீன் எது, எத்தனை? கரன்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

கெண்டைக்குளம்:

நாலு பாதி டிரம்முக்கு, ஒவ்வொண்ணும் அரை கிலோ ஆகற கணக்குல 20 மீன். அதுக்கு மேல ஒண்ணுகூட வேண்டாம். முழு வளர்ச்சியில நாள் தீவனம் 80-லேருந்து 100 கிராம், அஞ்சு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு, ரெண்டு வேளையாப் பிரிச்சு. தண்ணி 33-ஐத் தாண்டின நாள்ல தீவனத்தைப் பாதியாக்கிக் காலையில மட்டும் போடுங்க.

கட்லா, ரோகு 500 லிட்டர்ல குளத்து அளவுக்கு வளராது. ஜிலேபி (திலாப்பியா) நல்லா வரும், ஆனா வளர்க்க மீன்வளத் துறை அனுமதி வேணும், முதல்ல அதைக் கேட்டுக்குங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டது, யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. சமையலுக்கு என் முதல் தேர்வு பனையேறி கெண்டை. மேல வந்து காத்தை நேராவே குடிக்கும், அதனால சூட்டையும் கரன்ட் கட்டையும் மத்த மீனைவிட நல்லாத் தாங்கும். அரை கிலோ வராது, சின்ன மீன்தான், அதனால 40 வரை விடலாம். தொட்டி மேல இறுக்கமா வலை கட்டணும், மழை ராத்திரியில ஏறி வெளியே போயிடும். அழகுக்குன்னா கொளத்தூர்ல கோய் (வண்ணக் கெண்டை) கிடைக்கும். எந்த மீன் வந்தாலும் தனி டப்பில் ரெண்டு வாரம் வெச்சுப் பார்த்துட்டு விடுங்க. இந்தத் தண்ணியில மருந்து போட முடியாது, செடியும் பாக்டீரியாவும் போயிடும்.

பைப்லைன்:

பனையேறி போலக் காற்றை நேராகக் குடிக்காத கெண்டை வகை நிறைந்த தொட்டியில், கோடை இரவில் ஏர் பம்ப் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மீன் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கலாம். தண்ணீர் பம்புக்கு பேக்கப் தேவையில்லை, காற்றுக்கு மட்டும் போதும். 12 வோல்ட், 5 வாட் டிசி ஏர் பம்பும் யுபிஎஸ்சில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியும் வாங்குங்கள். பேட்டரியில் பாதியைத்தான் இறக்கலாம் என்று வைத்தாலும் எட்டு மணி நேரம் ஓடும். கரன்ட் போனதும் தானாக மாறும்படி 230 வோல்ட் காயில் உள்ள ஒரு ரிலே, அதன் என்.சி. முனையில் (கரன்ட் இல்லாதபோது இணைப்புத் தரும் முனை) டிசி பம்ப். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், அல்லது டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். பம்ப் நின்றவுடன் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி ஏறி மோட்டாருக்குள் இறங்கிவிடும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, டிசி பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள்.