சீனியர் கேஜி பையனுக்கு ஒரு வரி எழுதுவதற்குள் கண் எங்கெங்கோ போகிறது, என்ன செய்வது?

செம்பூர் அம்மா:
வணக்கம். மும்பையில் ஒரு ரூம், ஒரு கிச்சன், அவ்வளவுதான் எங்கள் வீடு. பையனுக்கு ஐந்தரை வயது. எழுத உட்கார்ந்தால் ஜன்னல் புறா, ஃபேன், அக்காவின் பென்சில் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறான், ஒரு வரிக்கே அரைமணி நேரம் ஆகிறது. பத்து வயது அக்காவோ டிவி ஓடினாலும் எழுதி முடித்துவிடுவாள். 'கவனமே இல்லை' என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பிவிட்டார். வேண்டுமென்றே செய்கிறான், ரெண்டு போடு என்கிறார் மாமியார். நேற்று அடித்தும்விட்டேன், ராத்திரி தூக்கமே வரவில்லை.

வாஷி டீச்சர்:
அடிக்காதீர்கள் அக்கா, அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணில் எது பட்டாலும் அங்கே போகாமல் இழுத்துப் பிடிக்கிற வேலை நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதியுடையது, அது முழுசாக முதிர இருபது வயது தாண்டிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு மீன் சோதனை உண்டு. ஐந்து மீன் வரிசையாக இருக்கும், நடு மீன் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். பக்கத்து மீன்கள் எதிர்ப்பக்கம் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் நிறைய தடுமாறுவார்கள், ஆறு ஏழு வயதில் அந்தத் தடுமாற்றம் நன்றாகவே குறையும். அதனால் அக்காவோடு அவனை ஒப்பிடாதீர்கள், அவள் ஐந்தரை வயதில் எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று மட்டும், பிடித்த விளையாட்டில்கூட நிலைக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் கண், காது இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

டோம்பிவிலி அப்பா:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். சுவர் முழுக்க ஏபிசிடி சார்ட், பழம் சார்ட், மிருகம் சார்ட் என்று நானே ஆசையாக ஒட்டியிருந்தேன். 2014-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கேஜி பிள்ளைகளுக்குப் படம் நிறைந்த வகுப்பிலும் வெறும் சுவர் வகுப்பிலும் பாடம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள், படம் நிறைந்த வகுப்பில் கவனமும் அதிகம் சிதறியது, கற்றுக்கொண்டதும் குறைவு. அதைப் படித்த அன்றே எல்லாவற்றையும் கழற்றினேன். பீரோவைப் பார்த்து மகளை உட்கார வைத்தால் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தாள், அதன்மேல் ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்ட பிறகுதான் சரியானது. பத்து நிமிடம் எழுத்து, அப்புறம் எழுந்து ஒரு ஓட்டம், திரும்ப உட்கார வேண்டும். இப்போது பரவாயில்லை.

மாட்டுங்கா பாட்டி:
குழந்தையை மக்கு என்று மட்டும் நினைத்துவிடாதே அம்மா. 2017-ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உருவங்களைக் காட்டி, ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னார்களாம். பார்க்கச் சொல்லாத உருவம் மாறியதைப் பெரியவர்கள் 63 சதவீதம்தான் கண்டுபிடித்தார்கள், பிள்ளைகள் 77 சதவீதம். நாம் தேவையில்லை என்று தள்ளிவிடுவதையெல்லாம் அதுகள் பார்த்து வைத்துக்கொள்கின்றன. எழுதி முடித்ததும் என்னென்ன பார்த்தாய் என்று அவனைக் கேட்டுப்பார்.

செம்பூர் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இன்று ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, டிவியையும் அணைத்துவிட்டேன். மூன்று வரி எழுதினான். பாட்டி சொன்ன மாதிரி கேட்டேன். ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா ரெண்டு முட்டை போட்டிருக்கிறது, ஒன்றில் லேசாக விரிசல் இருக்கிறது என்றான். போய்ப் பார்த்தேன், இருக்கிறது.